குறைந்த செலவில் மரக்கடைசல்: தொடங்கும் முன் கேட்கும் கேள்விகள்

கட்டில் கால், தொட்டில் கம்பு, தயிர் மத்து, பம்பரம், சப்பாத்திக் கட்டை எல்லாமே கடைசல் பிடித்து வந்தவைதான். அதை வீட்டுக் கொல்லையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ பொழுதுபோக்காகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கையில் காசு குறைவாக இருந்தால் லேத்தில் (மரத்தைச் சுற்றவிடும் கடைசல் இயந்திரத்தில்) மிச்சம் பிடியுங்கள், உளி தீட்டும் சாணையில் மிச்சம் பிடிக்காதீர்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

மொத்தம் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

தொகையைவிட அதைப் பிரிக்கும் விதம் முக்கியம். கையில் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி லேத்துக்கு. மறு பாதி உளி, சாணை, முகக்கவசம், உப்புத்தாள், பாலிஷுக்கு. பலர் முழுப் பணத்தையும் புது லேத்தில் போட்டுவிட்டு, தீட்ட வழியில்லாத மொட்டை உளியோடு நிற்கிறார்கள். மொட்டை உளி மரத்தை வெட்டாது, பிய்க்கும். மூன்றாம் நாளே ஆசை விட்டுப்போகும்.

மரத்துக்கு முதல் வருடம் காசே செலவழிக்க வேண்டாம். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்த லேத் வாங்கலாம்?

மூன்று வழிகள் உண்டு. புதிய மினி லேத் முதல் வழி. மேசை மேல் வைக்கக்கூடியது, பெரும்பாலும் அரை ஹெச்பி மோட்டார், பத்து அங்குலம் வரை விட்டமுள்ள கிண்ணம் சுற்றும். வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஸ்பிண்டில் எனும் சுழலும் தண்டின் மரை என்ன அளவு? கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் எந்த மோர்ஸ் டேப்பர் (கருவிகளைச் செருகும் கூம்புத் துளையின் அளவு)? ஒரு அங்குலம் 8 டிபிஐ (அங்குலத்துக்கு எட்டுச் சுற்று) மரையும் இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பரும் இருந்தால் பின்னாளில் வாங்கும் சக் (கட்டையைக் கவ்வும் பிடி), டிரில் சக் எல்லாம் தேடாமலே பொருந்தும். வேறு அளவு என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் அடாப்டர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி பழைய லேத். மூடிப்போன கடைசல் பட்டறைகளில் இரும்புப் படுக்கையோடு கனமான லேத்துகள் கிடக்கும். காயலான் கடைக்கும் வரும். பெயிண்ட் போனதும் துருப்பிடித்ததும் குறையே இல்லை. ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது, அதை மாற்றிவிடலாம். மோட்டார் பக்கத்து ஹெட்ஸ்டாக் முனையும் டெயில்ஸ்டாக் முனையும் ஒன்றையொன்று நேராகத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொடாவிட்டால் ஏன் என்று பார்க்காமல் வாங்காதீர்கள். லேத்தில் கனம் ஒரு வரம். கனமான லேத் அதிராது.

மூன்றாவது, சொந்தமாகக் கட்டுவது. கொஞ்சம் வெல்டிங் தெரிந்தவர் துணை இருந்தால் இது நடக்கிற காரியம். படுக்கைக்கு இரண்டு சி-சேனல், 25 மி.மீ. தண்டு, அதைத் தாங்க இரண்டு யுசிபி 205 பிளம்மர் பிளாக் (பேரிங் பொருத்திய தாங்கி), 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) சிங்கிள் பேஸ் மோட்டார், இரண்டு ஸ்டெப் புல்லி, ஒரு வி-பெல்ட். இரும்பு லேத் பட்டறையில் தண்டின் முனைக்கு மரை வெட்டித் தருவார்கள். மோட்டாரில் 2 அங்குலம், தண்டில் 4 அங்குலம் புல்லி என்றால் 720 சுற்று. இரண்டும் சமம் என்றால் 1440. தலைகீழாகப் போட்டால் 2880. பொழுதுபோக்குக்கு இந்த மூன்று வேகம் போதும். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் மூடி போடாமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

ஃபேன் ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைக்கலாமா?

கூடாது. இந்த மோட்டார்களின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்தது. ரெகுலேட்டர் வோல்டேஜை மட்டும் குறைக்கும். மோட்டார் பலம் இழந்து சூடேறும், கடைசியில் காயில் எரியும். புல்லி மாற்றுவதே மலிவான வழி. பின்னாளில் வசதிப்பட்டால் த்ரீ பேஸ் மோட்டாரும், சிங்கிள் பேஸ் லைனிலிருந்து அதை ஓட்டி வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவியும் வாங்குங்கள்.

வீட்டில் இருக்கும் டிரில் மெஷினையே லேத் ஆக்கினால்?

பம்பரம், பேனா, சாவிக்கொத்துக் குமிழ் அளவுக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம். டிரில்லின் பேரிங் முன்னும் பின்னும் வரும் அழுத்தத்துக்குச் செய்தது. உளி பக்கவாட்டில் தள்ளும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும்?

கடைசல்காரர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: அங்குலத்தில் விட்டத்தையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும். 4 அங்குலக் கட்டைக்கு 1500 முதல் 2250 வரை, 8 அங்குலக் கிண்ணத்துக்கு 750 முதல் 1125 வரை. புதியவர்கள் கீழ் எண்ணுக்கும் கீழேயே நில்லுங்கள். உருண்டையாகாத கட்டையை எப்போதும் லேத்தின் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும்.

எத்தனை உளி வேண்டும்? செட்டாக வாங்கலாமா?

எட்டு உளி கொண்ட மலிவு செட் வேண்டாம். நான்கு போதும். கட்டையை உருட்ட ஒரு ரஃபிங் கௌஜ் (கௌஜ் என்றால் குழிந்த அலகுள்ள உளி), வளைவுகளுக்கு ஒரு ஸ்பிண்டில் கௌஜ், அறுத்துப் பிரிக்க ஒரு பார்ட்டிங் உளி, சுரண்டிச் சீராக்க ஒரு ரவுண்ட் ஸ்கிரேப்பர். எல்லாம் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எஃகில் இருக்கட்டும். சாதாரணக் கார்பன் எஃகு சாணையில் நீலம் பாரித்தால் பதம் இறங்கிவிடும். ஹெச்எஸ்எஸ் அந்தச் சூட்டைத் தாங்கும். கிண்ணம் செய்யும் நாள் வரும்போது ஒரு போல் கௌஜ் சேருங்கள். சாய்ந்த விளிம்புள்ள ஸ்க்யூ அழகான உளி, ஆனால் அடங்காத உளி. கை பழகிய பின் எடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. ரஃபிங் கௌஜைக் கிண்ணத்தில் பயன்படுத்தவே கூடாது. அதன் அலகு அகலம், ஆனால் கைப்பிடிக்குள் போகும் வால் ஒல்லி. கிண்ணத்தின் ஓரம் அதைப் பிடித்து இழுத்தால் வால் ஒடிந்து அலகு பறக்கும்.

கொல்லரிடம் அடித்து வாங்கலாமா? பழைய அரத்தை உளியாக்கலாமா?

கொல்லரிடம் தாராளமாக. நம் ஊர்க் கடைசல்காரர்கள் பலரின் உளிகள் கொல்லுலையில் அடித்தவைதான். லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து நல்ல ஸ்கிரேப்பரும் பார்ட்டிங் உளியும் அடிக்கலாம். சாணையில் அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அரம் வேண்டாம். அதன் எஃகு மிகக் கடினம், அதே அளவு நொறுங்கும் குணமும் உண்டு. உளி மரத்தில் மாட்டும் நொடியில் அரம் கண்ணாடிபோல் உடையும்.

இன்னும் மலிவான வழி, இரும்பு லேத் பட்டறைகளில் கிடைக்கும் சதுர ஹெச்எஸ்எஸ் டூல் பிட். தடித்த இரும்புக் கம்பியின் முனையில் துளையிட்டு, பிட்டைச் செருகி, ஸ்குரூ வைத்து இறுக்கினால் அருமையான உளி. கைப்பிடியை நீங்களே கடைந்துகொள்ளலாம்.

தீட்டுவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

கடைசலில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் கையின் தவறு இல்லை, உளி வாயின், அதாவது வெட்டும் விளிம்பின் தவறு. மழுங்கிய உளியை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் மாட்டுகிறது, மாட்டினால் கட்டை எகிறுகிறது. தீட்டிய உளியோ சுருள் சுருளாக மரத்தை இறக்கும். தூள் மட்டும் பறந்தால் லேத்தை நிறுத்திவிட்டுச் சாணைக்குப் போங்கள். தேக்கு, சீமைக்கருவேலம் போன்ற மரங்களில் கால்மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டியிருக்கும். தேக்கில் இருக்கும் சிலிக்கா எந்த வாயையும் சீக்கிரம் தின்றுவிடும்.

வாங்க வேண்டியது 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர். ஏறத்தாழ 2000 முதல் 3500 ரூபாய்க்குள் கிடைக்கும். அதோடு வரும் சாம்பல் நிறக் கல் கரடானது. ஒரு பக்கம் 80 கிரிட் (மணியின் நுண்மை அளவு) வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு கல்லாக மாற்றுங்கள். மாட்டும் முன் கல்லை விரலில் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்ல கல். சத்தம் செத்து வந்தால் உள்ளே விரிசல், அதைச் சுற்றவிடாதீர்கள்.

கோணம்: ரஃபிங் கௌஜ் 45 டிகிரி, ஸ்பிண்டில் கௌஜ் 35 முதல் 45, போல் கௌஜ் 50 முதல் 60, ஸ்கிரேப்பர் 70 முதல் 80. ஓரிரண்டு டிகிரி கூடக் குறைய இருந்தால் குடி முழுகாது. ஒவ்வொரு முறையும் அதே கோணம் வருவதுதான் முக்கியம். அதற்கு, கைப்பிடியின் அடிமுனை உட்காரும்படி ஒரு குழி வெட்டிய நீளமான சட்டத்தைக் கல்லுக்கு நேர் கீழே பொருத்துங்கள். குழியை முன்னும் பின்னும் தள்ளினால் கோணம் மாறும். உளியின் சரிவு (வாய்க்குப் பின்னால் தீட்டிய சாய்வு) முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படியுங்கள். சாணை ஓடாத நிலையில் கல்லைக் கையால் அரைச் சுற்று சுற்றிப் பாருங்கள். மை நடுவில் மட்டும் போனால் கோணம் கிட்டத்தட்டச் சரி. வாய்ப்பக்கம் போனால் கோணம் செங்குத்து, குழியைக் கல்லை நோக்கி உள்ளே தள்ளுங்கள். பின்பக்கம் போனால் வெளியே இழுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் போனதும் சாணையை ஓடவிட்டு, அழுத்தாமல், உளியின் எடையிலேயே தீட்டுங்கள். தீப்பொறி வாயின் மேல்பக்கம் தாண்டி வரத் தொடங்கினால் வாய் வந்துவிட்டது, போதும்.

மரம் எங்கே கிடைக்கும்?

விறகுக்கடை, மின்கம்பிக்காகக் கிளை வெட்டும் இடம், புயலில் சாய்ந்த மரம், மர அறுவை மில்லின் கழிவு, வீடு இடித்த மரம் விற்கும் கடை. கண்ணைத் திறந்துவைத்தால் போதும், வண்டி நிறைய மரம் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது பூவரசு. பச்சையாக இருக்கும்போது வெண்ணெயாக வெட்டும், காய்ந்தபின் வைரத்தில் (நடுப்பகுதிக் கட்டையில்) சாக்லேட் நிறம் வரும். தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் சாலையோரமெல்லாம் விழுகின்றன. ஹவாய் தீவுகளில் கிண்ணம் கடைய அதே மரத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். எல்லோரும் வெறுக்கும் சீமைக்கருவேலம் காயும்போது மிகக் குறைவாகவே சுருங்குகிறது, கோணாது, பளபளப்பும் ஏறும். முள்ளைக் கழித்துவிட்டால் ஏழைக் கடைசல்காரனுக்கு அதுதான் கருங்காலி. மா எளிதில் கிடைக்கும். ஆனால் வெட்டியதும் வேலை செய்யாவிட்டால் நீலக்கறையும் வண்டும் ஏறும். வேம்பு, வாகை, பலா எல்லாமே நன்றாகக் கடையும்.

பழைய வீட்டு மரத்தை மலிவு என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம். அதையும் பழைய வீடுகளிலிருந்து வந்த, நெடுங்காலம் காய்ந்த மரமாகத்தான் தேடி எடுக்கிறார்கள். காய்ந்து அடங்கிய மரம் இனி அசையாது. ஒரே தொல்லை ஆணி. கடையும் முன் காந்தத்தை வைத்துத் தடவிப் பாருங்கள்.

தொடக்கூடாத மரம் உண்டா?

உண்டு. எட்டி, அரளி இரண்டும் நஞ்சு. கழிமுகக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். தேக்கு, வேம்பு, மா ஆகியவற்றின் தூள் சிலருக்குத் தோலரிப்போ தும்மலோ தரும். சந்தனம், செஞ்சந்தனம், ஈட்டி ஆகியவற்றை உரிய அனுமதித் தாள் இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பச்சைக் கட்டை இரண்டே நாளில் வெடித்துவிடுகிறதே?

வெட்டுமுனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகிறது. முனை முதலில் சுருங்கி வெடிக்கிறது. வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ மிச்சப் பெயிண்டோ ஃபெவிகாலோ தடவுங்கள். கட்டையை முழு உருளையாக வைக்காதீர்கள். நடுக்குருத்து வழியாக நெடுக்கில் பிளந்து, குருத்தை எடுத்துவிடுங்கள். வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது குறுக்குத் திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த இழுவிசைக்குப் பிளந்த கட்டை இடம் கொடுக்கும், முழு உருளை கொடுக்காது.

கிண்ணம் என்றால் பச்சையிலேயே முரட்டாகக் கடைந்துவிடுங்கள். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 8 அங்குலக் கிண்ணத்துக்கு முக்கால் அங்குலம் சுமார். காகிதப் பையில் போட்டு, தேதி எழுதி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அதற்குள் அது முட்டை வடிவமாகியிருக்கும். மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்க அந்தத் தடிமன் உதவும்.

முதலில் என்ன செய்து பழகலாம்?

கிண்ணத்தில் தொடங்காதீர்கள். இரண்டு முனைக்கு நடுவே பிடித்துக் கடையும் நீளக் கட்டையில் தொடங்குங்கள். முதலில் வெறும் உருளை. பிறகு அதில் பள்ளமும் குமிழும் மாறி மாறி வெட்டிப் பழகுங்கள். விறகுதானே, போனால் போகட்டும். அடுத்து உங்கள் உளிகளுக்கே கைப்பிடி. பிடியில்லாமல் வாங்கினால் உளியும் மலிவு.

அதன்பின் பம்பரம். ஒரு பிடி அளவுள்ள காய்ந்த பூவரசங்கட்டையை உருளையாக்குங்கள். டெயில்ஸ்டாக் பக்கம் கூர்முனை வரட்டும். அகன்ற இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்துக்கு மட்டுமே உளி இறங்க வேண்டும். எதிர்த்திசையில் ஏறினால் நார் பிய்யும். சாட்டை நிற்கப் பார்ட்டிங் உளியின் மூலையால் நெருக்கமாகக் கோடுகள் போடுங்கள். ஆணித்துளையைக் கையால் போட்டால் பம்பரம் குலுங்கும். டெயில்ஸ்டாக்கின் முனையூசி பதிந்த புள்ளியிலேயே டிரில் பிட்டை வைத்து, ஆணியைவிடச் சற்று ஒல்லியாகத் துளையிடுங்கள். தலையை வெட்டிய ஆணியை அடித்து இறக்கி, அரத்தால் முனையை உருட்டுங்கள். விட்டுப் பாருங்கள். குலுங்காமல் ஒரே இடத்தில் தூங்கினால் உங்கள் நடு சரி, உளியும் சரி.

உளி திடீரென்று மாட்டி இழுக்கிறதே?

வரிசை தவறுகிறது. முதலில் உளி டூல் ரெஸ்ட்டில் (உளியைத் தாங்கும் சட்டத்தில்) உட்கார வேண்டும். அடுத்து, வாய்க்குப் பின்னால் இருக்கும் சரிவு சுற்றும் மரத்தில் வெட்டாமல் உரச வேண்டும். அதன்பின் கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் வாய் மரத்தைத் தொடும், சுருள் கிளம்பும். உளி காற்றில் இருக்கும்போதே வாய் மரத்தைத் தொட்டால் மாட்டத்தான் செய்யும். டூல் ரெஸ்ட்டை மரத்துக்கு ஒரு விரல் தடிமன் தூரத்துக்குள் வையுங்கள். நகர்த்தும்போது லேத் நின்றிருக்க வேண்டும்.

நான்கு தாடைச் சக் வாங்க வசதியில்லை. கிண்ணம் செய்ய முடியாதா?

முடியும். லேத்தோடு வரும் ஃபேஸ்பிளேட் (ஸ்பிண்டிலில் மாட்டும் வட்டத் தட்டு) போதும். கிண்ணத்தின் அடியில் ஒரு வேண்டாத பலகைத் துண்டை ஒட்டி, அதில் ஸ்குரூ போடுங்கள். ஒட்டும்போது நடுவில் ஒரு பழுப்புக் காகிதத்தை வைத்து இருபுறமும் ஃபெவிகால் தடவி ஓர் இரவு இறுக்கிவையுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கோட்டில் உளியை வைத்துத் தட்டினால் காகிதம் இரண்டாகப் பிரியும், கிண்ணத்தின் அடி கெடாது. இந்த ஒட்டு காய்ந்த மரத்துக்கு மட்டும், சின்னக் கிண்ணத்துக்கு மட்டும்.

பாதுகாப்புக்கு என்ன வேண்டும்?

முழு முகத்தையும் மறைக்கும் கவசம். வெறும் கண்ணாடி போதாது. கட்டை வந்தால் தாடைக்கும் வரும். தூளுக்கு என்95 முகமூடி, குறிப்பாக உப்புத்தாள் போடும்போது. நன்றாக எர்த் செய்த லைன், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி.

வேட்டி, துப்பட்டா, முழுக்கைச் சட்டை, மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் லேத் அருகே வேண்டாம். கோயிலில் கட்டிய கைக்கயிறும் அப்படித்தான். கழற்ற மனமில்லை என்றால் அன்று லேத்தை ஓட்டாதீர்கள். கையுறையும் கூடாது, சுற்றும் மரம் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். பாலிஷ் போடத் துணிக்குப் பதில் காகிதத் துண்டு. பிடித்தால் கிழிந்து போகும்.

சுவிட்ச் போடும் முன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் முடியுமா?

லேத்தின் சத்தம் மிக்ஸியைவிடக் குறைவு. தொல்லை தருவது அதிர்வும் தூளும். கனமான மேசை, காலுக்கடியில் ரப்பர் விரிப்பு, பால்கனி, பகல் நேரம் என்றால் அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்கள்.

பாலிஷுக்கு எதைப் பூசலாம்?

முதலில் உப்புத்தாள்: 120, 180, 240, 320 என்று படிப்படியாக. நடுவில் ஒன்றைத் தாவினால் முந்தைய கீறல் பாலிஷுக்கு அடியில் பல்லிளிக்கும். இந்த நேரத்தில் டூல் ரெஸ்ட்டைக் கழற்றிவிடுங்கள்.

தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் காய்ந்து படலமாகாது, பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். உணவு வைக்கும் கிண்ணத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினில் தேன்மெழுகைச் சூடாக்கிக் கரைத்துத் தேய்க்கலாம். ஆளிவிதை எண்ணெய் நன்றாகக் காயும். ஆனால் அது தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

விளையாட்டுச் சாமானுக்கு அரக்குக்கு ஈடு இல்லை. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் செய்கிற முறை இது: நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்தினால், உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகிப் படியும். அதன்மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு வந்துவிடும். பிரஷ், தின்னர் எதுவும் வேண்டாம்.

கற்றுத்தர ஆள் இல்லையே?

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு கடைசல் பட்டறை இன்னும் இருக்கலாம். கட்டில், சோபா செய்யும் தச்சர்களிடம் கேட்டால் கைகாட்டுவார்கள். மரச்செப்புக்குப் பேர்போன அம்பாசமுத்திரம் பக்கம் போக வாய்த்தால் கண்டிப்பாகப் போங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, "அண்ணே, நின்னு பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். போகும்போது கைப்பிடி போட ஓர் உளியோ, சின்னதாக ஒரு கடைசல் வேலையோ கொண்டுபோய்க் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவருடைய நேரத்துக்கு அதுதான் மரியாதை. மரத்தைப் பார்க்காதீர்கள், அவருடைய பின்கையைப் பாருங்கள். கைப்பிடி எப்போது உயர்கிறது, எப்போது திரும்புகிறது, எத்தனை தடவை எழுந்து சாணைக்குப் போகிறார் என்று கவனியுங்கள். அவர் உளியின் சரிவை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்து, அனுமதி கேட்டு, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சாணைச் சட்டத்தின் குழியை அதற்கேற்ப நகர்த்திப் பார்க்கலாம்.